நெல்லைத் திருடியவருக்குக் களஞ்சியத்தையே திறந்துவிட்ட மன்னர்! யார் இந்தக் கொடும்பாளூர் இடங்கழி நாயனார்?

‘பொன்னியின் செல்வன்’ பார்த்தவர்களுக்குக் கொடும்பாளூர் என்றதும் இளவரசி வானதிதான் ஞாபகத்துக்கு வருவார். ஆனா, அந்த ஊருக்கு இன்னொரு பெருமையும் இருக்கு. 63 நாயன்மார்களில் ஒருவரான இடங்கழி நாயனார் ஆண்ட ஊர் அது.

யார் இவர்?

புதுக்கோட்டை மாவட்டத்தில், விராலிமலைக்குப் பக்கத்தில் இருக்கிறது கொடும்பாளூர். அன்றைக்கு இது கோனாட்டின் தலைநகர். இதை ஆண்ட வேளிர் குலத்து மன்னர் இடங்கழியார். இவரது கதையை 12-ம் நூற்றாண்டில் பெரியபுராணத்தில் விரிவாகப் பாடியவர் சேக்கிழார்.

என்ன நடந்தது?

சிவனடியார்களுக்குச் சோறு போடுவதையே தொண்டாகச் செய்துவந்தார் ஓர் அடியார். ஒரு கட்டத்தில் கையில் எதுவுமே இல்லை. வந்தவர்களைப் பசியோடு அனுப்ப மனசு வரலை. நள்ளிரவில் அரண்மனை நெற்களஞ்சியத்துக்குள் புகுந்து நெல்லை எடுத்தார். காவலர்கள் கையும் களவுமாகப் பிடித்து, மன்னர் முன் நிறுத்தினார்கள்.

‘ஏன் திருடினாய்?’ என்று கேட்டார் மன்னர். அடியார் எதையும் மறைக்கலை, காரணத்தைச் சொல்லிவிட்டார்.

தீர்ப்பு என்ன?

உடனே அவரை விடுவித்த மன்னர், ‘என்னுடைய உண்மையான கருவூலம் இவர்தான்’ என்று நெகிழ்ந்தார். அதோடு விடலை. சிவனடியார்கள் நெல் மட்டுமல்ல, மற்ற செல்வங்களையும் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம் என்று ஊர் முழுக்கப் பறை அறைந்து அறிவிக்கச் செய்தார்.

மன்னிப்பு ஒருவரைக் காப்பாற்றும். ஆனா, காரணம் அப்படியே இருந்தால் நாளைக்கு இன்னொருவர் களஞ்சியத்தில் நுழைவார். இடங்கழியார் அந்தக் காரணத்தையே சரிசெய்தார். சலுகை சிவனடியார்களுக்கு மட்டும்தான் என்றாலும், திருட்டுக்குப் பின்னால் இருந்த பசியை ஓர் அரசர் பார்த்தார் என்பதுதான் இந்தக் கதையின் பலம்.

கல்வெட்டு சொல்வது

இது புராணக் கதை. ஆனால், கொடும்பாளூர் வேளிர் அடியார்களுக்கு உணவளித்ததற்குக் கல்லிலேயே சாட்சி உண்டு. இங்குள்ள மூவர் கோவிலைக் கட்டியவர், இதே குலத்தைச் சேர்ந்த பூதி விக்கிரமகேசரி. காளாமுகத் துறவியான மல்லிகார்ஜுனருக்கு ஒரு மடத்தையும், 50 துறவிகளுக்கு உணவளிக்க 11 ஊர்களையும் அவர் கொடுத்ததாகக் கோவிலின் வடமொழிக் கல்வெட்டு சொல்கிறது.

மூன்று கருவறைகளில் இப்போது இரண்டுதான் நிற்கின்றன. மூன்றாவதில் அடித்தளம் மட்டுமே மிச்சம். இடங்கழியாரின் குருபூஜை ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி மாதக் கார்த்திகை நட்சத்திரத்தில் சிவாலயங்களில் நடக்கிறது. திருச்சி – மதுரை சாலையில் போகும்போது நேரம் இருந்தா, வண்டியை இந்த ஊர்ப்பக்கம் திருப்பலாம்.