ஒலிப்பதிவின் தரமும் இசைச் சுவையும்

இசைச் சுவையைப் பற்றிப் பேசுங்கால் குரலையும் இராகத்தையும் நாம் விரிவாக ஆராய்கின்றோம். அவ்விசை எவ்வழியாக நம் செவியை அடைகின்றது என்பதை அந்த அளவிற்கு எண்ணிப் பார்ப்பதில்லை.

ஜொகூர் பாருவின் புறநகரான தம்போய் இதனை விளக்குதற்கு ஏற்ற இடமாகும். நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூர் அமைந்திருப்பதால், மலேசியாவின் மின்னல் பண்பலையோடு சிங்கப்பூரின் ஒலி 96.8 பண்பலையும் இவ்வட்டாரத்தில் கேட்கப்படுகின்றது. மத்திய அலை ஒலிபரப்பில் ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியே வீட்டு வானொலியை எட்டியது. பண்பலையோ 15,000 ஹெர்ட்ஸ் வரை தரவல்லது. தம்புராவின் நுண்ணிய மேற்சுரங்களும் உரசொலிகளின் கூர்மையும் இவ்விடைவெளியில் அடங்குவன.

எனினும், பண்பலை நிலையங்கள் பொதுவாக ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் கருவியால் சுருக்கியே ஒலிபரப்புகின்றன. மெல்லொலி உயர்த்தப்படுகின்றது, உரத்த ஒலி அடக்கப்படுகின்றது. ஸ்கூடாய் நெடுஞ்சாலையில் மகிழுந்து ஓட்டுவோர்க்கு இது பேருதவி. இரவில் வீட்டில் அமர்ந்து ஆலாபனை கேட்பவர்க்கோ இதுவே இழப்பாகின்றது. மந்தரத்தில் தணிந்து தொடங்கித் தாரத்தில் ஓங்கும் வளர்ச்சி அவருக்கு ஒரே மட்டமாகக் கேட்கும். ஆகவே, கேட்கும் சூழலை விடுத்துத் தரத்தை மட்டும் தனியே அளந்து கூறுதல் பொருந்தாது.

பழைய இசைத்தட்டுகளில் இச்சிக்கல் மேலும் நுட்பமானது. 1925இல் மின்வழி ஒலிப்பதிவு அறிமுகமாகும் முன்னர், பாடகர் கூம்பின் எதிரில் நின்று உரக்கப் பாட வேண்டியிருந்தது. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிட இசையே அடங்கும். மின்வழிப் பதிவு வந்த பின்னரும் இந்தக் கால எல்லை நீடித்தது. தோடியை மணிக்கணக்கில் வாசித்தவர் எனப் புகழப்படும் டி. என். இராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) தோடியும் இசைத்தட்டில் சில நிமிடங்களாகவே நமக்குக் கிடைக்கின்றது. இத்தட்டுகளைக் கேட்கும் மாணவர், அக்காலத்தார் விரைந்தும் உரத்துமே பாடினர் என்று முடிவு செய்துவிடுகின்றனர். கூம்பும் தட்டும் விதித்த கட்டாயம் கலைஞரின் இயல்பாகக் கொள்ளப்படுகின்றது. இது நம் இசை வரலாற்றுக்கே நேரும் பிழையாகும்.

இந்நாளில் இரைச்சல் நீக்கப்பட்ட படிகள் எளிதில் கிடைக்கின்றன. கேட்பதற்கு இனிமையானவைதாம்! ஆனால், இரைச்சலை மிகையாக நீக்கினால், அதே உயர் அதிர்வெண்களில் உள்ள மெய்யொலிகளும் தேய்ந்துவிடுகின்றன. வகுப்பில் பாடலின் உச்சரிப்பை ஆராயும் தமிழாசிரியர்க்கு அத்தகைய படி உதவாது. சகரம் மழுங்கியதைப் பாடகரின் குறையாக மாணவர் கருதக்கூடும். எனவே, இரைச்சலுடன் கூடிய படியையே முதலில் ஒலிக்கச் செய்தல் நலம் என்பது நம் கருத்து. சற்று நேரத்தில் செவி அவ்விரைச்சலுக்குப் பழகிவிடும். அத்தட்டு எவ்வாண்டில், கூம்பின் வழியாகவா ஒலிவாங்கியின் வழியாகவா பதிவாயிற்று என்பதையும் ஆசிரியர் முன்கூட்டியே மாணவர்க்குச் சொல்லிவிடலாம்.