பாதத்தைத் தொடும் முன்

இயற்கை வேளாண் சந்தை எங்கே நடந்தாலும் பாரம்பரிய அரிசி மூட்டைக்குப் பக்கத்திலேயே காலழுத்த உருளைக்கட்டை விற்கிற கடை ஒன்று இருக்கும். மேலே ஒரு படம் தொங்கும். பாதம் முழுக்கக் கட்டம் போட்டு கல்லீரல், கிட்னி, கணையம் என்று எழுதியிருப்பார்கள். "இத தெனமும் உருட்டுங்க, சுகர் போயிடும்" என்பார் கடைக்காரர். பூச்சிமருந்துக் கம்பெனி பொய் சொல்லுது என்று மேடையில் பேசிவிட்டு இறங்கி வருகிற நாம், இந்தக் கடையில் மட்டும் ஒரு கேள்வியும் கேட்காமல் வாங்கிக்கொண்டு போகிறோம்.

நான் ஆரம்பாக்கம் பக்கம் நெல்லும் கொஞ்சம் காய்கறியும் போடுகிறவன். சாயங்காலத்தில் வீட்டுத் திண்ணையில் பாத அழுத்தமும் செய்கிறேன். ரிஃப்ளெக்சாலஜி என்று சொல்கிறார்களே, அதுதான். வருகிறவர்களில் பாதிப்பேர் உழவர்கள். மீதி கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கிற பிள்ளைகள். நம் இயக்கத் தோழர்கள் சிலர் இதைக் கற்றுக்கொண்டு செய்யலாமா என்று கேட்கிறார்கள். செய்யலாம். ஆனால் வயலுக்கு ஒரு நெறி வைத்திருக்கிற மாதிரி இதற்கும் ஒன்று வேண்டும். நான் கடைப்பிடிப்பதைச் சொல்கிறேன்.

முதலில், எங்கிருந்து வந்தது என்பதில் உண்மை பேச வேண்டும். இது நம் முன்னோர் கலை என்று சிலர் அடித்து விடுகிறார்கள். வர்மம் நம்முடையது; அது வேறு. இன்று படத்தில் தொங்குகிற பாத வரைபடம் அமெரிக்காவிலிருந்து வந்தது. வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற காது மூக்கு தொண்டை மருத்துவர், உடம்பைப் பத்து மண்டலமாகப் பிரித்து, இன்னொருவரோடு சேர்ந்து 1917இல் புத்தகம் போட்டார். 1930களில் யூனிஸ் இங்காம் என்ற அம்மையார் அதைப் பாதத்துக்குக் கொண்டுவந்தார். பெருவிரல் தலை, பாதத்தின் உள்விளிம்பு முதுகெலும்பு என்கிற கணக்கெல்லாம் அவர் வழி வந்ததுதான். வெளியூர்ச் சரக்கு என்பதால் தள்ள வேண்டியதில்லை. ஃபுகுவோகாவும் வெளியூர்க்காரர்தானே.

அடுத்தது, இதனால் என்ன ஆகும், என்ன ஆகாது. இதுவரை நடந்த ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து எட்சார்ட் எர்ன்ஸ்ட் என்ற பேராசிரியர் 2009இல் எழுதினார். எந்த நோயையும் இது தீர்க்கும் என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்பதே அவர் முடிவு. என் திண்ணை அனுபவமும் அதோடு முரண்படவில்லை. உடம்பு தளர்கிறது, நின்று நின்று கனத்த கால் லேசாகிறது, சிலருக்கு அன்று நல்ல தூக்கம் வருகிறது. அவ்வளவுதான் சொல்வேன். "இந்த எடத்துல வலிக்குதா? அப்ப கிட்னில கோளாறு" என்று சொல்கிற வேலையே கிடையாது. பாதத்தில் வலித்தால் பாதத்தில் வலிக்கிறது. பெயருக்கு முன்னால் டாக்டர் போடுவதும் இல்லை.

1954ஆம் ஆண்டு மத்திய சட்டம் ஒன்று இருக்கிறது. சர்க்கரை, புற்றுநோய், ரத்த அழுத்தம், இதயநோய், காக்காய் வலிப்பு என்று 50க்கு மேற்பட்ட நோய்களைப் பட்டியலிட்டு, இவற்றைக் குணமாக்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்யக்கூடாது என்கிறது. முதல் முறை பிடிபட்டாலே ஆறு மாதம் வரை சிறை உண்டு. மருந்து விற்பவர்களை மனதில் வைத்து எழுதிய சட்டம்தான். இருந்தாலும் நாமும் அந்தப் பட்டியலைத் திண்ணைச் சுவரில் ஒட்டிவைப்பது நல்லது. "இதெல்லாம் நான் பாக்க மாட்டேன், ஆஸ்பத்திரி போங்க" என்று கைகாட்ட வசதியாக இருக்கும்.

சர்க்கரைதான் பெரிய கண்டம். வருகிறவர்களில் நிறையப் பேருக்கு இருக்கிறது. நாள்பட்ட சர்க்கரையில் பாதத்து நரம்பு மரத்துப்போகும். நாம் எவ்வளவு அழுத்துகிறோம் என்பது அவருக்கே தெரியாது. முள் குத்தியிருந்தாலும், வரப்பில் கிழித்திருந்தாலும் தெரியாது. அதனால் டார்ச் அடித்து உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் பார்த்த பிறகுதான் கை வைப்பேன். சேற்றுப்புண், வெடிப்பில் சீழ், நிறம் மாறிய விரல், இதில் எது இருந்தாலும் அன்று அழுத்தம் கிடையாது. நேரே கும்மிடிப்பூண்டி அரசு மருத்துவமனைதான். உருளைக்கட்டையும் சுடுதண்ணீரும் இவர்களுக்கு வேண்டவே வேண்டாம். சூடு தெரியாமல் தோல் வெந்துபோகும்.

"அண்ணா, இப்ப ஒடம்பு நல்லா இருக்கு, மாத்திரைய நிறுத்திடவா?" என்று கேட்பார்கள். நம்மைச் சந்தோஷப்படுத்தத்தான் கேட்கிறார்கள். அந்தப் புகழ்ச்சியில் விழக்கூடாது. மாத்திரையோ ஊசியோ, எழுதிக்கொடுத்தவரைக் கேட்காமல் நிறுத்தச் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

இங்கேதான் நம் இயக்கத்தாருக்குக் கசக்கிற ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் காட்டுயாணமும் கருங்குறுவையும் விளைவிக்கிறேன். காலை நம் மடியில் வைத்துக் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறவரிடம் "நம்ம அரிசிய சாப்பிடுங்க, சுகர் ஓடிப்போயிடும்" என்று சொன்னால் அந்த நிமிஷமே ஐந்து கிலோ விற்கும். அதனால்தான் சொல்லக்கூடாது. பட்டை தீட்டாத அரிசி, தீட்டிய அரிசியைவிட மேல்தான். ஆனாலும் அது அரிசிதான். அளவுக்கு மீறினால் சர்க்கரை ஏறும். அரிசி கேட்டு வருகிறவருக்குக் களத்தில் விற்கிறேன். கால் காட்ட வந்தவரிடம் அன்று எதையும் விற்பதில்லை. சில தோழர்களுக்கு இது பிடிக்கவில்லை. "நம்ம பொருள நாமே சொல்லலனா யார் சொல்வா?" என்கிறார்கள். சந்தையில் நின்று சொல்லுங்கள், தாராளமாக.

ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு கவனம் வேண்டும். சேற்றில் நின்றவர் காய்ச்சலோடு, கெண்டைக்கால் பிடிச்சுக்கிச்சு என்று வருவார். கண்ணும் சிவந்திருந்தால் எலிக்காய்ச்சலா என்று பார்க்க வேண்டும். எலி மூத்திரம் கலந்த தண்ணீரிலிருந்து தோல் கீறல் வழியாக வருகிற நோய் அது. சீக்கிரம் போனால் மருந்துக்குக் கேட்கும், தாமதித்தால் கிட்னி, கல்லீரலைப் பிடிக்கும். அதேபோல் ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கிச் சூடாக வலித்தால் தொடவே கூடாது. உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம். அது நகர்ந்து நுரையீரலில் அடைத்தால் உயிர் போகும். பக்கத்துப் பண்ணையில் மருந்தடித்துவிட்டு வியர்வையும் எச்சிலும் ஊற்ற வருகிறவருக்கும் 108தான்.

மற்றதெல்லாம் சாதாரண ஒழுக்கம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நகத்தை வெட்டியிருக்க வேண்டும். முழங்காலுக்கு மேல் கை போகக்கூடாது. பெண்களுக்கு என் மனைவிதான் செய்கிறாள். கதவு திறந்தே இருக்கும். வலிக்குது, போதும் என்றால் அங்கேயே நிறுத்த வேண்டும். கட்டணத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பத்து நாள் 'பேக்கேஜ்' என்று கட்டிப்போடுவது கூடாது.

ரகசியம் காப்பது மட்டும் ஊரில் கஷ்டம். யாருக்குச் சர்க்கரை, யார் முழுகாமல் இருக்கிறாள் என்பதெல்லாம் நம் காதுக்கு வரும். டீக்கடைக்குப் போகக்கூடாது. ஒருமுறை ஒரு கான்ட்ராக்டர் வந்து, "அந்த ஒடிசா பையன் உங்ககிட்ட வரானாமே, கால்ல இன்னா பிரச்சனை, வேலைக்கு ஆவானா?" என்று கேட்டார். அவனையே கேளுங்க என்றேன். மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போனார். நான் சொல்கிற ஒரு வார்த்தையில் அந்தப் பிள்ளையின் கூலி போய்விடும்.

பி.ஜி.எஸ். குழுவில் குறைந்தது ஐந்து உழவர்கள் சேர்ந்து ஒருவர் வயலை இன்னொருவர் பார்க்கிறோம். இதற்கும் அப்படி ஒன்று வேண்டும். தடாவில் இதே வேலை செய்கிற நண்பரும் நானும் மாதம் ஒருமுறை உட்கார்ந்து, பெயர் சொல்லாமல், யாரை மருத்துவமனைக்கு அனுப்பினோம், ஏன் அனுப்பினோம் என்று பேசிக்கொள்கிறோம். இந்த விதிகளைப் பலகையில் தமிழிலும் தெலுங்கிலும் எழுதி வைத்திருக்கிறேன். இந்தியிலும் ஒடியாவிலும் எழுத ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன்.