படி பத்திரம்!

அமெரிக்காவில் பிள்ளைகளோடு 'மோட்டார்ஹோம்' வண்டியில் ஊர் சுற்றப் போகும் தோழிகளே! சமையலறை, படுக்கையுள்ள இந்த வண்டிகள் பலவற்றில், வலப்பக்கக் கதவைத் திறந்தாலே மின்சாரப் படி தானாக வெளியே நீளும். பெட்ரோல் பங்கில் சிமென்ட் மேடையும் இரும்புத் தூணும் அந்தப் பக்கம் நெருக்கத்தில் இருந்தால், படி இடித்து வளைந்துவிடும். மூட்டுவலிக்காரர்கள் அப்புறம் ஏறுவது எப்படி? எனவே இடைவெளி பார்த்த பிறகே கதவைத் திறக்கச் சொல்லுங்கள். படிக்கான சுவிட்ச் அணைந்திருந்தால், நீண்ட படி நீண்டபடியே நிற்கும். எல்லோரும் ஏறிக் கதவைச் சாத்தியதும், பக்கக் கண்ணாடியில் படி உள்ளே போயிடுச்சா என்று பார்த்துவிட்டுக் கிளம்பலாம். குழந்தைகளை எண்ணுவதுபோல் படியையும் ஒருமுறை விசாரிப்பதில் தப்பே இல்லை!

- ஒரு வாசகி, திருச்சி.