தொலைக்காட்சியில் படம் தோன்றும் விதம்

1982-ஆம் ஆண்டில் இலங்கையின் ரூபவாஹினி ஒளிபரப்புத் தொடங்கியபின், நம் டெல்டாக் கரையோரத்தார் உயர்ந்த குழாய்களில் ஆன்டெனாவை ஏற்றி, கடல் கடந்து வந்த படத்தைக் கண்டு களித்தனர். அந்நாளில் முதுகு புடைத்த கனத்த பெட்டி. இன்றோ சுவரில் மாட்டும் பலகை. அறுவடைக்குப் பின் புதுப்பெட்டி வாங்க எண்ணும் அங்கத்தினர்கள் விளம்பரப் பெயர்களால் மயங்காதிருக்கும்பொருட்டு இதனை எழுதுகிறோம்.

உண்மையில் திரையில் எதுவும் அசைவதில்லை. சிறு சிறு மாறுதல்களுடன் அசையாப் படங்கள் விரைந்து தொடர்வதால், நம் கண் அவற்றை அசைவாகக் கொள்கிறது.

பழைய பெட்டியின் உயிர்நிலை படக்குழாய். காற்று அகற்றப்பட்ட அக்கண்ணாடிக் குழாயின் கழுத்திலுள்ள சூடேறிய முனையிலிருந்து எலெக்ட்ரான் கற்றை புறப்படும். கம்பிச்சுருள்களின் காந்தவிசை அதனைப் பக்கவாட்டிலும் மேலும் கீழும் திருப்பும். திரையின் உட்பூச்சில் அது படுமிடம் ஒளிரும். நாடா ஓடி, ஊடை ஊடையாகத் துணி வளர்வதுபோல, வரிவரியாகப் படம் அமையும். நம் நாட்டு முறையில் படமொன்றுக்கு 625 வரிகள். நொடிக்கு 25 படங்கள். ஒற்றை வரிகளை முதலிலும் இரட்டை வரிகளைப் பின்னரும் இட்டமையால் படத்தின் துடிப்புக் குறைந்தது. வண்ணப்பெட்டியில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுக்கென மூன்று கற்றைகள் இருந்தன. சாயத்தொட்டிக் கணக்கு இங்கே செல்லாது. சிவப்பொளியும் பச்சையொளியும் கலந்தால் மஞ்சளே தோன்றும்.

எல்.சி.டி. திரையில் கற்றை இல்லை. பின்னால் விளக்கு எரிகிறது. முன்னால் இரு கண்ணாடிகளுக்கிடையே திரவப் படிகம் உள்ளது. இருபுறமும் ஒளியின் அதிர்வை ஒரே திசைப்படுத்தும் தாள்கள். பாவும் ஊடையும்போல் நுண்ணிய மின்வழிகள் குறுக்கிடும் ஒவ்வோரிடத்திலும் ஒரு டிரான்சிஸ்டர் உண்டு. எந்த இழை எழும்ப வேண்டுமென்று ஜக்கார்டு தீர்மானிப்பதுபோல, அது தரும் மின்னழுத்தத்துக்கேற்பப் படிகம் திரும்பி ஒளியை விடும் அல்லது தடுக்கும். 1920 நெடுவரிசையும் 1080 கிடைவரிசையும் கொண்ட திரையில் 20,73,600 புள்ளிகள்; ஒவ்வொன்றிலும் மூவண்ணச் சிறு சாளரங்கள்.

கடைகளில் எல்.ஈ.டி. என்று விற்கப்படுபவை பெரும்பாலும் இந்த எல்.சி.டி. திரைகளே. பின்விளக்கு மட்டும் குழல்விளக்கினின்று எல்.ஈ.டி.க்கு மாறியது, மின்செலவும் பருமனும் குறைந்தன. ஓ.எல்.ஈ.டி. என்பதோ வேறு. அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், அணைந்தால் முழுக்கருமை. ஆயினும் அதன் விலை அதிகம். ஒரே உருவம் நெடுநேரம் நின்றால் அதன் தழும்பு திரையில் தங்குவதும் உண்டு.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. பழைய படக்குழாயின் கண்ணாடியில் ஈயம் கலந்துள்ளது. செம்புக்கம்பிக்காக அதனை உடைப்போர் கண்ணாடிச் சிதறலுக்கு ஆளாவதுடன், ஈயம் நம் வயலையும் வாய்க்காலையும் அடைய வழிசெய்கின்றனர். நிறுத்திய பின்னும் அதனுள் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கக்கூடும். மின்னணுக் கழிவு விதிகள் 2012 முதல் நடைமுறையில் உள்ளன. ஆகவே பழைய பெட்டியை உடைக்காது, அங்கீகாரம் பெற்ற கழிவு சேகரிப்போரிடமே ஒப்படைக்குமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.