டேப்லெட்டில் ஓவியம்: சில சந்தேகங்கள்

"பள்ளிக்கூடத்துக்கு டேப்லெட் வந்திருக்காமே, பிள்ளைக கையில எப்பக் குடுப்பாக?"

ராமநாதபுரம் மாவட்டத்து அபிராமம் பக்கத்துப் பெற்றோர் மனதில் இருப்பது இதுதான். கொடுக்க மாட்டார்கள். தமிழக அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு 2024-இல் வழங்கிய 79,723 கைக்கணினிகளும் ஆசிரியர்களுக்கானவை.

ஓவிய ஆசிரியர் இல்லாத குறையைக் கைக்கணினி தீர்க்குமா?

கல்வி உரிமைச் சட்டம் ஓவியத்துக்குப் பகுதிநேர ஆசிரியர் வேண்டும் என்று சொல்வதே 6 முதல் 8-ஆம் வகுப்புக்கு. அதுவும் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான். கீழ்வகுப்பில் கணக்கு டீச்சரேதான் ஓவிய டீச்சரும். அவருக்குக் கைக்கணினி ஒத்தாசையாக இருக்கும். ராமநாதபுரம் அரண்மனையின் ராமலிங்க விலாசத்துச் சுவரோவியங்களை வகுப்பிலேயே காட்டலாம். நேரில் போனாலும் அண்ணாந்து பார்க்க வேண்டியவற்றை, சேதுபதி மன்னர் உடுத்திய துணியின் வேலைப்பாடு தெரியும்வரை பெரிதாக்கலாம்.

அப்படியானால் திரையிலேயே வரையச் சொன்னால் என்ன?

இங்கேதான் எனக்குத் தயக்கம். கிரேயானை அழுத்தினால் தடித்த கோடு, சாய்த்தால் மங்கல் கோடு. சொரசொரப்பான சுவரில் தாளை வைத்துத் தேய்த்தால் வரைந்த பனைமரத்துக்குச் செதில் தானாக வந்து நிற்கும். சாதாரண டேப்லெட்டுக்கு விரல் பட்ட இடம் தெரியும். எவ்வளவு அழுத்தினோம் என்பது தெரியாது. விரல் மின்சாரத்தைக் கடத்துவதை வைத்துத்தான் அது இடத்தைக் கண்டுபிடிக்கிறது. நம்மூர் வெயிலில் வியர்த்த விரல் பட்டால் கோடு தாவும். உள்ளங்கையை ஊன்றிவிட்டாலோ பனைக்கு ஒரு மட்டை கூடுதலாக முளைக்கும்! ஐந்து வயது, பென்சில் பிடிக்க விரல் பழகும் வயது. அந்தப் பழக்கம் கண்ணாடியைத் தடவுவதில் வராது.

ஓவியர் டேவிட் ஹாக்னி ஐபேடில் வரைந்தாரே?

வரைந்தார், 2010 முதல். அப்போது அவருக்கு 70 வயதுக்கு மேல். அரை நூற்றாண்டு தாளிலும் துணியிலும் பழகிய கை அது.

கண் கெடாதா?

ஆசிரியர் காட்டும் பத்து நிமிடத்தால் கெட்டுவிடாது. 5 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குத் திரை நேரம் இரண்டு மணிக்குள் இருக்கட்டும் என்கிறது இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம். வீட்டு டிவியும் அப்பாவின் செல்போனும் அந்தக் கணக்கில்தான் வரும்.

வேறு பயன் உண்டா?

உண்டு, கேமரா. ஜூனில் வரைந்த பனையையும் மார்ச்சில் வரைந்த பனையையும் படமெடுத்து வைத்து, பெற்றோர் கூட்டத்தன்று பக்கத்தில் பக்கத்தில் காட்டலாம்.