தாழ்ந்த வண்டியும் சவாரிச் சுகமும்

மோட்டார் வண்டியின் உடலை நிலத்தோடு நெருங்கத் தாழ்த்தி அமைத்துக்கொள்வதில் இளைஞர் பலர்க்குப் பெருவிருப்பம் உண்டு. தாழ்ந்த வண்டி காண்பதற்கு அழகியது என்பர் ஒருசாரார்; வளைவுகளில் உறுதியாய் நின்று, செலுத்துவோன் கைக்கு நன்கு அடங்கும் என்பர் மற்றொருசாரார். அழகைப்பற்றி வழக்காடுவதிற் பயனில்லை. பின்னைய கூற்றோ ஆராய்தற்குரியது. அஃது எவ்வளவு மெய், அதன்பொருட்டு நாம் கொடுக்கும் விலை யாது என்பவற்றை ஈண்டுச் சிறிது நோக்குவோம்.

வண்டி ஒரு வளைவில் திரும்புங்கால், உட்புறச் சக்கரங்கள் தாங்கிய சுமையில் ஒரு பகுதி வெளிப்புறச் சக்கரங்களின்மேற் பெயர்கின்றது. டயரின் பிடிப்போ சுமைக்கு நேர்விகிதமாக வளர்வதன்று. சுமை இருமடங்கானால் பிடிப்பு இருமடங்கிற்குக் குறைவாகவே ஏறும். ஆதலின் வெளிச்சக்கரங்கள் பெறும் பிடிப்பு, உட்சக்கரங்கள் இழக்கும் பிடிப்பை ஈடுசெய்யமாட்டாது. இங்ஙனம் பெயரும் சுமை எவ்வளவென்பது, வண்டியின் கனமையம் நிலத்தினின்று எத்துணை உயரத்தில் உள்ளதென்பதைப் பொறுத்தது. தாழ்த்துவோர் கூறும் நியாயம் இதுவே, நியாயம் பிழையன்று.

ஆனால், கணக்கிட்டுப் பார்ப்போமாயின் வியப்பு உண்டாகும். 1,200 கிலோகிராம் எடையும், இடவலச் சக்கரங்களுக்கிடையே 150 சென்டிமீட்டர் அகலமும், 55 சென்டிமீட்டர் உயரத்திற் கனமையமும் உடைய வண்டியொன்று, புவியீர்ப்பிற் பாதியளவான பக்கவிசையோடு வளைவதாகக் கொள்வோம். எடையிற் பாதியை உயரத்தாற் பெருக்கி அகலத்தால் வகுக்கவே, பெயரும் சுமை 220 கிலோகிராம் என்று வரும். வண்டியை 3 சென்டிமீட்டர் தாழ்த்தியபின் அதே கணக்கைப் போட்டால் 208 வரும். ஆதாயம் பன்னிரண்டே கிலோகிராம்!

அங்ஙனமாயின் தாழ்த்திய வண்டி கைக்கு இறுகி அடங்குவதாகத் தோன்றுவது எதனால்? பெரும்பாலும் ஸ்பிரிங் எனப்படும் சுருள்வில்லின் விறைப்பினாலேயாம். உடல் தாழவே, சக்கரம் மேலெழுதற்குரிய இடம் குறுகுகின்றது. அவ்விடத்துள் அடங்கும்படி வில்லை விறைப்பாக்குகின்றனர். விறைத்த வில்லினால் வண்டி பக்கவாட்டிற் சாய்வது குறையும். ஸ்டியரிங்கைத் திருப்பியவுடனே முகமும் திரும்பும். செலுத்துவோன் இதனைக் கண்டு மகிழ்கின்றான். உடன் இருப்போர் நிலை வேறு.

வண்டியின் எடையால் 20 சென்டிமீட்டர் அமுங்கி நிற்கும் வில், நிமிடத்திற்கு ஏறக்குறைய 67 முறை மேலும் கீழும் ஆடும். 5 சென்டிமீட்டரே அமுங்கும் விறைத்த வில்லோ 134 முறை ஆடும். நொடிக்கு ஓர் ஆட்டம் நடையின் தாளத்தை ஒத்திருப்பதால் உடலுக்கு இயல்பாகின்றது. நொடிக்கு 4 முதல் 8 வரையுள்ள மேல்கீழ் அதிர்ச்சியையே மனித உடல் மிகுதியும் உணரும். வயிறும் முதுகெலும்பும் அவ்வதிர்ச்சியோடு சேர்ந்து ஆடத் தலைப்படும். சாலையின் சிறு மேடுபள்ளங்கள் எழுப்பும் அத்தகைய அதிர்ச்சிகளை மெல்லிய வில் பெரும்பாலும் விழுங்கிவிடும். நான்கு மடங்கு விறைத்த வில்லோ, ஏறக்குறைய நான்கு மடங்காக அவற்றை இருக்கைக்கு அனுப்பிவிடும்.

சுகம் போனாலும் அடக்கமேனும் எஞ்சுமோவெனின், அதுவும் உறுதியன்று. வில்லின் வளையங்களிலொன்றை அறுத்தெறிந்து வண்டியைத் தாழ்த்துவார் உளர். வில் சற்று விறைக்கும் என்பது மெய்யே. ஆயினும் இழந்த இடத்திற்கு அவ்விறைப்புப் போதாது. ஆதலின் சிறு பள்ளத்திலும் சக்கரத்தண்டு மேலே சென்று தடைக்கட்டையில் மோதும். வளைவின் நடுவே அது மோதுமாயின் அக்கணமே வில் இல்லாத வண்டியாகிவிடும், டயர் துள்ளும். நிலத்தை விட்டெழுந்த டயருக்குப் பிடிப்பு ஏது? இன்னுமொன்று: மக்பர்ஸன் முறையில் முன்சக்கரங்களைத் தாங்கும் வண்டிகளில், உடலைத் தாழ்த்தினால் கீழ்க்கை மேனோக்கிச் சாய்கின்றது. அதனால், எந்தப் புள்ளியைச் சுற்றி வண்டி சாயுமோ அப்புள்ளி கனமையத்தினும் மிகுதியாக இறங்கிவிடும். இரண்டிற்கும் இடைவெளி நீளவே, அதே வில்லோடு வண்டி முன்னையினும் அதிகமாகச் சாயும். சாய்வைக் குறைக்கப்போய்ச் சாய்வைப் பெருக்கிக்கொள்ளும் இவ்வேடிக்கையை அறியாதார் பலர்.

அடக்கத்தின்பொருட்டு உடலை வருத்துதல் எத்துணைத் தூரம் செல்லும் என்பதற்கு 2022-ஆம் ஆண்டின் பார்முலா ஒன் பந்தயங்கள் சான்று. அவ்வாண்டின் புது விதிகளால் வண்டிகளின் அடித்தளம் காற்றை உறிஞ்சி வண்டியை நிலத்தோடு அழுத்துவதாக அமைந்தது. தளம் தாழுந்தோறும் அழுத்தமும் மிகும். ஆதலின் மிகத் தாழ்த்தி, மிக விறைத்த வில்லோடு ஓட்டினர். தளம் அளவுமீறி நிலத்தை நெருங்கியபோது காற்றோட்டம் தடைப்பட்டு அழுத்தம் நீங்கும், வண்டி எழும்பும், எழுந்தவுடன் காற்றோட்டம் மீண்டு மறுபடியும் கீழே இழுக்கும். நேர்சாலையிற் பெருவேகத்தில் வண்டிகள் கடற்பன்றிபோற் குதித்தோடின. ஜூன் மாதத்தில் அஜர்பைஜான் நாட்டுப் பாக்கு நகரப் பந்தயத்தில் நான்காவதாக வந்த லூயிஸ் ஹாமில்டன், முதுகைப் பிடித்துக்கொண்டு வண்டியினின்று அரிதின் இறங்கியதை உலகம் கண்டது. வண்டியை உயர்த்தியிருந்தால் துள்ளல் குறைந்திருக்கும், வேகமும் குறைந்திருக்கும். இறுதியிற் பந்தயச் சங்கமே தலையிட்டு, ஆகஸ்டு மாதப் பெல்ஜியப் பந்தயம் முதலாகத் துள்ளலுக்கு ஓர் எல்லை வகுத்தது. 2023-ஆம் ஆண்டிற்குத் தளத்தின் ஓரங்களை 15 மில்லிமீட்டர் உயர்த்தவும் விதித்தது. பேரூதியம் பெறும் வீரரும் தம் முதுகெலும்பைத் தாமே காத்துக்கொள்ள இயலாமற்போயிற்று.

நம் வீட்டு வண்டிக்குக் காற்றின் உறிஞ்சல் ஒரு பொருட்டன்று. அதனைத் தாழ்த்தியே தீரவேண்டுமெனக் கருதுவோர், அவ்வண்டிக்கென்றே செய்த வில்லையும், அவ்வில்லுக்கு ஒத்த அதிர்ச்சி தாங்கியையும் சேர்த்தே வாங்குக, வளையத்தை அறுக்கற்க. அதற்கு முன்னர், சக்கரத்தண்டிற்கும் தடைக்கட்டைக்கும் இடையே எஞ்சியுள்ள இடத்தை ஒரு முறை அளந்து பார்ப்பாராக. வெறும் வண்டியிலன்று, வீட்டார் ஐவரும் தத்தம் மூட்டைகளோடு ஏறி அமர்ந்தபின்.