உங்களுக்குத் தெரியுமா? பட்டம் பெற்றவர்களைத் தேடும் அடிமை வியாபாரம்

கல்லூரிப் பட்டமும் கணினிப் பயிற்சியும் பல பாஷை ஞானமும் உடைய இளைஞர்கள், அந்தத் தகுதிகளை முன்னிட்டே வஞ்சகமாகப் பிடிக்கப்பட்டு, முகமறியா மனிதர்களை இணையத்தின் வழியே ஏமாற்றிப் பணம் பறிக்கும்படி பலவந்தப்படுத்தப்படுகிறார்கள். மியன்மரில் குறைந்தது 1,20,000 பேரும், கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இந்நிலையில் சிக்கியிருக்கக்கூடும் என ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் தெரிவித்தது.

• தாய்லாந்தில் நல்ல உத்தியோகம் என்ற விளம்பரத்தை நம்பி பாங்காக்கில் இறங்கியவர்களில் பலர், மேற்கு எல்லைக்குக் காரில் கொண்டுபோகப்பட்டு, எல்லையான மோய் நதிக்கு அக்கரையில், மியன்மரின் மியாவாடி பிரதேசத்து வளாகங்களில், ஆயுதக் காவலின் நடுவே அடைக்கப்பட்டார்கள். பாஸ்போர்ட் பறிக்கப்படும். வசூல் குறைந்தால் அடி, மின்சார அதிர்ச்சி. வீடு திரும்ப வேண்டுமென்றால் குடும்பத்தார் மீட்புப் பணம் கட்டவேண்டும். வேறொரு கும்பலுக்கு விற்கப்படுவதும் உண்டு.

• தமிழகத்து இளைஞர்களும் அங்கே சிக்கினர். மீட்கப்பட்ட 13 பேர் 2022 அக்டோபரில் சென்னை வந்து சேர்ந்தனர்.

• "சம்மதித்துத்தானே போனார்கள்?" என்ற கேள்வி, கேட்பதற்கே கொடுமையானது. வஞ்சனையாலோ பலாத்காரத்தாலோ பெறப்பட்ட சம்மதம் செல்லாது என்று, 2000-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற, ஆள்கடத்தலுக்கு எதிரான பலெர்மோ நெறிமுறை திட்டவட்டமாக விதிக்கிறது.

• 2025 பிப்ரவரியில் தாய்லாந்து, எல்லைக்கு அப்பால் மியன்மரிலுள்ள சில பகுதிகளுக்கு மின்சாரத்தையும் எரிபொருளையும் இணையத்தையும் நிறுத்தியது. அடுத்த சில வாரங்களில் அந்த வளாகங்களிலிருந்து பல தேசத்தவர் ஆயிரக்கணக்கில் விடுவிக்கப்பட்டனர்.